ஊறப்போட்ட கடதாசி

கிழவரின் கால்களைக் கழுவுவது என் வேலைகளில் ஒன்று. எண்பத்தாறு வயது. குனிய முடியாது. பேசினில் சுடுதண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, இரண்டு கால்களையும் வைத்துவிட்டால் இருபது நிமிடம் அசையாமல் இருப்பார். அந்த இருபது நிமிடத்தில்தான் கதை சொல்வார். அந்தக் கதையால் எனக்கு வந்த பயத்தைத்தான் எழுதுகிறேன்.

வயதானவர்களைப் பார்க்க ஆள் அனுப்புகிற ஏஜென்சி தந்த வீடு அது. ரொறன்ரோவில் கோர்க்டவுன் பக்கம், ஒடுங்கின செங்கல் வீடு. திங்கள், புதன், வியாழன், காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை. பார்க்டேலில் இருந்து ஸ்ரீட்காரில், அதுதான் ட்ராமில், போவேன். கிழவரும் முன்பு ஸ்ரீட்கார் ஓட்டியவர். நான் பிந்திப் போனால் என்னை ஏசமாட்டார். ஓட்டினவனை ஏசுவார்.

ஆங்கிலத்தில்தான் கதைத்தோம். என் ஆங்கிலம் வேலைக்குப் போதும். எட்டாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அவர் சொன்னது எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழில். அப்படியே எழுதுகிறேன்.

கிழவரின் பூட்டன், தாத்தாவின் தகப்பன், அயர்லாந்தில் உருளைக்கிழங்கு அழுகிச் சனம் பட்டினியால் செத்த காலத்தில் வந்தவர். சப்பாத்துத் தைக்கிறவர். இந்த நகரத்தில் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். அவர் ஓர் இரகசிய இயக்கத்தில் இருந்தார் என்று கிழவரின் வீட்டில் ஒரு பேச்சு இருந்ததாம். பேச்சுத்தான். ஆதாரம் இல்லை. கிழவர் வேலை விட்ட நாளில் இருந்து அதைத் தேடிக்கொண்டிருந்தார்.

முதல் தடவை அவர் 'இயக்கம்' என்ற சொல்லைச் சொன்னபோது என் கை பேசினுக்குள் நின்றுவிட்டது.

"என்ன பொஸ், தண்ணி ஆறிப்போச்சோ?" என்றார். என்னை அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் நான் சொல்கிறபடி அவர் கேட்கவேண்டி இருந்ததால்.

"இல்லை சேர். சொல்லுங்கோ."

சொன்னார். அயர்லாந்தை வெள்ளைக்காரனின் முடியாட்சியில் இருந்து பிரிக்க வேண்டும் என்று சத்தியம் செய்துகொண்ட ஆட்கள் அவர்கள். கிழவரும் வெள்ளைக்காரர்தான். ஆனால் 'வெள்ளைக்காரன்' என்று நான் எழுதினால் இங்கே இங்கிலாந்துக்காரன் என்று எடுக்க வேண்டும். கடவுளை முன்வைத்துச் சத்தியம். அயர்லாந்திலும் இருந்தார்கள், அமெரிக்காவிலும் இருந்தார்கள், இங்கேயும் இருந்தார்கள். சின்னச் சின்ன வட்டமாகப் பிரித்திருந்தார்கள். ஒருவனுக்குத் தன் வட்டத்து ஆட்களை மட்டும்தான் தெரியும். பக்கத்து வட்டத்தில் யார் என்று தெரியாது. ஒருவன் பிடிபட்டால் அந்த வட்டத்தோடு நிற்கும்.

"கெட்டித்தனம் எல்லோ?" என்று கிழவர் கேட்டார்.

எனக்குத் தெரிந்த கெட்டித்தனம் அது.

வெளியில் பார்த்தால் அது உதவிச் சங்கம். சாவீட்டுக்குப் போவது, நோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பது, வருசத்துக்கு ஒரு முறை பச்சை உடுத்து ஊர்வலம் போவது. உள்ளே வேறு வேலை. பிறகு ஒரு நாள் அமெரிக்கப் பக்கத்தில் இருந்த ஆட்கள் துவக்கோடு எல்லையைக் கடந்து கனடாவுக்குள் வந்தார்கள். கனடாவைப் பிடித்து வைத்துக்கொண்டு, இதை வாங்கிக்கொள், அயர்லாந்தைத் தா என்று கேட்பதற்கு.

"ஆரிட்டக் கேக்கிறதுக்கு?"

"இங்கிலாந்து இராணியிட்ட."

எனக்குச் சிரிப்பு வந்தது. கிழவரும் சிரித்தார். பிறகு சொன்னதில் சிரிப்பு இல்லை. ஒரு சண்டையில் வென்றார்கள், இரண்டு மூன்று நாளில் திரும்பி ஓடினார்கள். அந்தச் சண்டையில் செத்த ரொறன்ரோப் பெடியளின் பெட்டிகள் இந்த நகரத்துக்கு வந்தன. அதற்குப் பிறகு இங்கே இருந்த ஐரிஷ்காரர் வாயைத் திறக்கவில்லை. அயல்காரர் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. கடிதம் வைத்திருந்தவர்கள் எரித்தார்கள். அரசாங்கம் முதலே அவர்களுக்குள் ஆள் வைத்திருந்தது. யார் அந்த ஆள் என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொண்டே வயசு போய்ச் செத்தார்கள்.

நான் காலைத் துடைத்தேன். விரல்களுக்கு இடையிலும் துடைத்தேன். பார்வை மாறுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரே தம்பி. பதினேழு வயதில் இயக்கம் அவனை ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனது. ஒரு வருசம் அவர்களின் குசினியில் சமைத்தான். பிறகு போகாமல் விட்டான். ஓடிவந்துவிட்டான் என்று எழுதலாம், ஆனால் அவன் ஓடவில்லை. காய்கறி வாங்க அனுப்பிய இடத்தில் இருந்து திரும்பிப் போகவில்லை. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அரசாங்கத்து ஆமியும் தேடியது, இயக்கமும் தேடியது. அவன் எங்கள் வீட்டுக் கூரைக்குள் இருந்தான்.

கனடாவுக்கு வந்து அகதிக் கேஸ் போட்டபோது, இயக்கத்தில் இருந்தாயா என்று கேட்டார்கள். இல்லை என்று சொன்னான். அப்படிச் சொல்லச் சொன்னது நான். லோயருக்குக்கூட உண்மை தெரியாது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் ஏற்றிருப்பார்களோ என்னவோ. எனக்கு அப்போது தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை. அவனை ஏற்றுக்கொண்டார்கள். கலியாணம் செய்தான். இரண்டு பெண் பிள்ளைகள். மிசிசாகாவில் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறான். இந்த வருசம் சிற்றிசனுக்கு, குடியுரிமைக்கு, விண்ணப்பம் போட்டு, பதிலுக்குக் காத்திருந்தான். பொய் சொல்லி உள்ளே வந்தவன் என்று தெரியவந்தால் எல்லாப் பேப்பரையும் பறித்து அனுப்பலாம். பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அவன் மட்டும் போக வேண்டும்.

அந்தப் பொய் அவன் வாயால் வந்தது. ஆனால் என்னுடைய பொய்.

கிழவரிடம் பூட்டனின் பெட்டி ஒன்று இருந்தது. பேஸ்மென்டில் இருந்து நான்தான் தூக்கி வந்தேன். அதற்குள் ஒரு தடித்த புத்தகம். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு காலின் வெளிக்கோடு, பென்சிலால் கீறியது. மேலே ஆளின் பெயர், கீழே திகதி. சப்பாத்துக்காரர் வாடிக்கைக்காரனைக் கடதாசியில் ஏறி நிற்கச் சொல்லிக் காலைச் சுற்றிக் கீறுவாராம். கிழவர் அந்தப் புத்தகத்தைப் பத்து வருசமாகப் புரட்டியிருக்கிறார். கடை வேலைப் புத்தகம், இதில் ஒன்றும் இல்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

ஒரு திங்கட்கிழமை அவருடைய கால்கள் பேசினில் இருந்தன. புத்தகம் மடியில். நான் கீழே இருந்து எட்டிப் பார்த்தேன். எனக்கு எழுத்து வாசிக்க நேரம் எடுக்கும். கால் பார்க்க நேரம் எடுக்காது. ஒரு கால், சின்ன விரல் பெருவிரல் பக்கம் மடிந்த கால். பத்துப் பன்னிரண்டு பக்கம் தள்ளி அதே கால். பிறகும் அதே கால்.

"சேர், உந்தக் காலை ஏன் மாதாமாதம் அளந்தவை?"

"என்ன?"

"இந்தாளின்ர கால்தான். பாருங்கோ. போன மாதமும் அளந்திருக்கு, இந்த மாதமும் அளந்திருக்கு. வளந்த ஆம்பிளையின்ர கால் வளருமோ?"

கிழவர் என்னைப் பார்த்தார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். ஒன்பது பேர். ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் ஒன்பது பேருடைய காலும் அளக்கப்பட்டிருந்தது.

"பொஸ்," என்றார். "கூட்டம். உது கூட்டம்."

எனக்கு அது முதலே விளங்கிவிட்டது. கூட்டம் கூடுகிறவர்கள் வேறு வேலையாக வந்த மாதிரி ஒரு சாட்டு வைத்திருப்பார்கள். எங்கள் பக்கத்தில் தையல் கடைக்குச் சட்டை அளவு கொடுக்கப் போவார்கள். ஒரே சட்டைக்கு நாலு தரம் அளவு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

இதோடு நான் வாயை மூடியிருந்தால் சரி. கிழவர் புரட்டிக்கொண்டே போனார். எல்லைச் சண்டைக்கு இரண்டு மாதம் முன்பு ஒன்பது எட்டாகியது. அந்த மடிந்த விரல் கால் பிறகு வரவேயில்லை.

"இவன்தான்," என்றார் கிழவர். "இவன்தான் காட்டிக்கொடுத்தவன். நூற்றைம்பது வருசத்துக்குப் பிறகு பிடிச்சிட்டன் பார்."

"வராமல் விட்டா காட்டிக்கொடுத்ததோ?"

"வேற என்ன?"

"பயந்தவனும் வரமாட்டான் சேர்."

"பயந்தவன் ஒரு மாதம் வரமாட்டான். பிறகு வருவான். விட்டிட்டுப் போனவன் காசுக்குப் போனவன்."

அப்போதுதான் சொன்னேன். யோசிக்கவில்லை. "என்ர தம்பியும் போகாமல் விட்டவன். ஒரு வருசம் இருந்து சமைச்சுக் குடுத்தவன். ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கேல்லை."

பத்து வருசம் பூட்டி வைத்ததை ஒரு செத்த மனிதனின் காலுக்காகத் திறந்துவிட்டேன்.

கிழவர் தலையாட்டினார். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காதது எனக்கு ஆறுதலாக இருந்தது.

அவருக்கு எழுதுவதில் ஒரு முறை இருந்தது. இரண்டு தாளுக்கு நடுவில் கார்பன் பேப்பர் வைத்து அழுத்தி எழுதுவார். மேல்தாள் அவருடைய கோப்புக்கு. கீழ்த்தாள் ஒட்டாவாவில் அரசாங்க வேலையில் இருந்த மகளுக்கு. வீடு எரிந்தாலும் தலை பிசகினாலும் கதை நிற்க வேண்டும் என்பார். வாரம் எழுதியதை வியாழக்கிழமை உறையில் போட்டு என்னிடம் தருவார். நான் ஒரு மணிக்குப் போகும்போது மூலையில் இருக்கும் தபால் பெட்டியில் போடுவேன். அந்த வியாழனும் தந்தார். போட்டேன்.

அடுத்த திங்கள் போனபோது கிழவர் சவரம் எடுத்து, சட்டை மாற்றி இருந்தார்.

"பொஸ், போன கிழமை உம்மைப் பற்றி எழுதினனான். இரும். வாசிக்கிறன்."

வாசித்தார். இந்தக் கண்டுபிடிப்பு தன்னுடையது அல்ல என்று எழுதியிருந்தார். என் முழுப்பெயர், எழுத்துப் பிழையில்லாமல். ஏஜென்சிக் கடிதத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஒன்பதாவது ஆள் வெறும் பயந்தவனாகவும் இருக்கலாம் என்று அவள் சொல்கிறாள், அவளுக்குத் தெரியும், அவளுடைய தம்பி தன் நாட்டில் இப்படி ஓர் இயக்கத்தில் ஒரு வருசம் இருந்துவிட்டுப் போகாமல் விட்டவன் என்று எழுதியிருந்தார். நல்ல மனசோடு எழுதியது.

"எப்படி?" என்றார்.

"நல்லாயிருக்கு சேர்."

எடுத்துவிடுங்கோ என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அது பெரிய விசயம் என்று தெரிந்துவிடும். பெரிய விசயம் என்று தெரிந்தால் கவனமாக வைப்பார். அந்தக் கோப்பு முழுவதையும் ஒரு யூனிவேர்சிட்டிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லியிருந்தார். அங்கே கொடுத்தால் எவரும் பார்க்கலாமாம், உலகத்தில் எங்கிருந்தும். அதைச் சந்தோசமாகச் சொன்னார்.

ஓட்ஸ் கஞ்சி குடித்த பிறகு கிழவர் கதிரையிலேயே கொஞ்சம் கண் அயர்வார். அயர்ந்தார். நான் கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தேன்.

ஊரில் வீட்டில் இருக்கக்கூடாத கடதாசி இருந்தால் எரிக்க மாட்டோம். ஆமியின் சுற்றிவளைப்பு நேரத்தில் புகை எழும்பினால் முதலில் அந்த வீட்டுக்குத்தான் வருவார்கள். வாளியில் ஊறப்போடுவோம். ஊறினதும் கூழாகப் பிசைந்து, மாட்டுக்கு வைக்கிற தவிட்டோடு கலந்துவிடுவோம். மாடு தின்றுவிடும். பிறகு கேட்பதற்கு ஒன்றும் இருக்காது.

குசினியில் ஒரு சட்டிக்குள் தாளைக் கிழித்துப் போட்டுச் சுடுதண்ணீர் விட்டேன். மை கரைந்து தண்ணீர் நீலமானது. பிசைந்தேன். மிச்சமிருந்த ஓட்ஸ் கஞ்சியோடு சேர்த்துக் குழைத்தேன். மிச்சச் சாப்பாடு போடுகிற பச்சைத் தொட்டியில், வாழைப்பழத் தோலுக்குக் கீழே போட்டேன். கை கழுவினேன். செய்து முடித்துவிட்டேன் என்று இருந்தது.

திரும்பி வந்தபோது குப்பைக் கூடையில் பாவித்த கார்பன் பேப்பர் கிடந்தது. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எழுத்துத் தெரிந்தது. என் பெயர் தெரிந்தது. அதையும் ஊறப்போடலாம் என்று சட்டிக்குப் போனேன். பாதி வழியில் கால் நின்றது.

கார்பன் என்றால் கீழே ஒரு தாள் இருந்திருக்கிறது. அது ஒட்டாவா போய்விட்டது. போட்டது நான்.

தம்பிக்கு ரெலிபோனில் சொல்லும் விசயம் இல்லை. வியாழன் வரைக்கும் பொறுத்திருந்தேன். வியாழக்கிழமைகளில் தம்பிக்குப் பின்னேர ஷிஃப்ட். ஒரு மணிக்கு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போவான். கிழவருக்கும் அவனைத் தெரியும். ஒரு மாரியில் வாசல் பனியை வழித்துக் கொடுத்தவன்.

காரில் ஏறினேன்.

"என்ன அக்கா, முகம் செத்துக் கிடக்கு. கிழவன் மண்டையைப் போட்டிட்டானோ?"

"காரை எடு."

எடுத்தான். இரண்டு சிக்னல் தாண்டினோம்.

"தம்பி, நான் வாய்விட்டிட்டன்."

"என்னத்தை?"

"நீ இருந்ததை."

அவன் றேடியோவை நிற்பாட்டினான். "ஆருக்கு?"

"கிழவருக்கு."

"சீ. அவருக்குத் தன்ர பல்லுச் செற் எங்க வைச்சதெண்டே தெரியாது. அவர் ஆரிட்டச் சொல்லப் போறார்?"

"எழுதிப்போட்டார். மகளுக்கு அனுப்பியாச்சு. நான்தான் தபாலில போட்டனான்."

முதலில் சிரித்தான். "அக்கா, நீயே சொல்லி, நீயே கொண்டுபோய்ப் போட்டு... முத்திரையும் நீதான் ஒட்டினனியோ?" பிறகு சிரிப்பு நின்றது. "மகள் எங்க வேலை?"

"ஒட்டாவாவில. கவண்மேந்தில."

"கவண்மேந்தில எங்க?"

"தெரியாது."

திரும்ப வேண்டிய தெருவைத் தாண்டிப் போனான். கவனிக்கவில்லை.

"கேஸ் நேரம் நீ எனக்கு என்ன சொன்னனீ? பல்லைக் கடிச்சுக்கொண்டிரு எண்டனீ. பத்து வருசமாக் கடிச்சுக்கொண்டிருக்கிறன். மனிசிக்குச் சொல்லேல்லை, தெரியுமோ? என்ர மனிசிக்கே சொல்லேல்லை. நீ ஒரு செத்த ஐரிஷ்காரனுக்காக..."

"செத்தவனைத் துரோகி எண்டு ஏன் எழுதோணும்?"

"எழுதட்டுமே! அவனுக்கென்ன சிற்றிசன் கேஸோ கிடக்கு?"

என்னை இறக்கும்போது, "போன் வந்தா எடுக்காதை," என்றான். பிறகு, "எடு. எடுக்காட்டி இன்னும் யோசிப்பினம்," என்றான்.

அதற்குப் பிறகு நாட்கள் போகவில்லை. தெரியாத நம்பரில் போன் அடித்தால் நம்பரைக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டு எடுத்தேன். வீட்டுக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார் இரண்டு நாள் நின்றது. மூன்றாம் நாள் ஒரு பெண் பிள்ளையோடு வந்து எடுத்துக்கொண்டு போனாள். ஸ்ரீட்காரில் கோட் போட்ட ஆள் பக்கத்தில் இருந்தால் ஒரு தரிப்பு முதலே இறங்கி நடந்தேன். தம்பி ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வி அனுப்புவான். "ஏதும்?" நான் அனுப்புவேன், "இல்லை."

கிழவர் பக்கத்தில் வேறொன்று நடந்தது. அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அவர் அந்தத் தாளைத் தேடத் தொடங்கினார். கோப்பை மூன்று முறை புரட்டினார். மேசை லாச்சி, கட்டிலுக்குக் கீழே, குளிர்பெட்டிக்குள்கூட. "எழுதினனான் பொஸ். உமக்கு வாசிச்சும் காட்டினனான். இல்லையோ?"

"எனக்குத் தெரியாது சேர்."

வாசித்ததையே தெரியாது என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னில் சந்தேகப்படவில்லை. தன்னில் சந்தேகப்பட்டார். அடுத்த கிழமை லாச்சிகளில் சின்னக் கடதாசி ஒட்டியிருந்தார், உள்ளே என்ன இருக்கிறது என்று. பிறகு எழுதுவதை விட்டுவிட்டார். காலைப் பேசினில் வைத்தால் கதை இல்லை. ஒரு நாள், "என்ர தமையனுக்கும் மறதி இப்படித்தான் தொடங்கினது," என்றார். கண் கலங்கி இருந்தது. ஒரு சொல்லில் அதை நிற்பாட்டலாம். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை. தம்பியின் பிள்ளைகளை நினைத்துக்கொண்டு அவருடைய காலைத் துடைத்தேன்.

மூன்றாம் கிழமை வியாழன், மகள் வந்தாள்.

அறுபது வயது இருக்கும். உயரமான பொம்பிளை, கட்டையாக வெட்டின நரை மயிர். பெரிய பை ஒன்று. தகப்பனைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் முன்னறையில் கதைத்துவிட்டுக் குசினிக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். நான் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணீரை நிற்பாட்டவில்லை.

"அப்பா போனில அழுதவர்," என்றாள். "ஒரு பக்கம் காணேல்லை எண்டு. எழுதினதோ, கனவு கண்டதோ எண்டே தெரியேல்லையாம்." பையில் இருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். நீல எழுத்து. "இந்தப் பக்கம்."

நான் குழாயைப் பூட்டினேன்.

"உங்களுக்குத் தம்பி இருக்கிறாரோ?"

"இல்லை," என்றேன்.

ஊரில் ஓர் ஆமிக்காரன் இதே கேள்வியைக் கேட்டான். அன்றும் இல்லை என்றேன். அன்று தம்பி எங்கள் தலைக்கு மேலே கூரைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அன்று குரல் நடுங்கவில்லை. இன்று நடுங்கியது. வயசோ தெரியாது.

வெளியில் கார் ஹோர்ன் அடித்தது. ஒரு மணி.

முன்னறையில் இருந்து கிழவர் கத்தினார். "பொஸ்! உம்மட தம்பி வந்திட்டான்!"

மகள் சிரிக்கவில்லை. யன்னலால் வெளியே பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்து, "இருங்கோ," என்றாள். நான் இருக்கவில்லை. இருந்தால் எழும்ப முடியாது என்று தோன்றியது.

"ஏன் இல்லை எண்டு சொன்னீங்கள்?"

இனி ஒளிக்க ஒன்றும் இல்லை. ஒளித்தால் கூடுதலாகத் தெரியும். சொன்னேன். என் ஆங்கிலத்தில் நாலைந்து வசனம். சின்ன வயதில் பிடித்துக்கொண்டு போனது, சமைத்தது, வராமல் விட்டது. இங்கே இல்லை என்று சொன்னது. சொல்லச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். இப்போது சிற்றிசன் கேஸ் இருக்கிறது என்பதையும். மற்றத் தாளை ஊறப்போட்டதையும்.

"ஊறப்போட்டதோ?"

"ஓம். கஞ்சியில."

அவள் கையால் வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாளா, ஏசப்போகிறாளா என்று தெரியவில்லை.

"நீங்கள் எங்க வேலை செய்யிறனீங்கள்?" நான் கேட்டேன். மூன்று கிழமையாக என்னைத் தின்ற கேள்வி.

"மீன்பிடிப் பகுதி," என்றாள். "நான் மீன் எண்ணுறனான்."

கதிரையைப் பிடித்தேன். அப்போது அவள் மற்றதைச் சொன்னாள். அவள் எல்லாப் பக்கத்தையும் ஸ்கான் பண்ணிப் போன கிழமையே யூனிவேர்சிட்டிக்கு அனுப்பிவிட்டாள். இந்தப் பக்கத்தையும். தகப்பனுக்கு இதை முதலிலேயே செய்து கொடுத்தால் சந்தோசப்படுவார் என்று நினைத்தாளாம்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் போனை எடுத்தாள். அங்கே ஒரு பெண்ணோடு வேகமாகக் கதைத்தாள். எனக்குப் பாதி விளங்கவில்லை. ஒரு பக்கத்தை எடுக்கச் சொன்னாள், தனிப்பட்ட விசயம் என்றாள், நன்றி என்றாள். வைத்தாள்.

"எடுக்கிறம் எண்டு சொல்லினம். இன்னும் ஒருத்தரும் அதைத் திறந்து பார்க்கேல்லையாம்."

"எடுத்தா எங்க போகும்?"

"அழிப்பினம்."

"அழிச்சிட்டினமோ?"

"அழிப்பம் எண்டு சொன்னவை."

தாளை என் பக்கம் தள்ளினாள். நான் எடுத்தேன். மேல்பாதியில் கிழவரின் கண்டுபிடிப்பு இருந்தது, மாதாமாதம் அளந்த கால்கள். என்னையும் தம்பியையும் பற்றி எழுதியது கீழ்ப்பாதி. கரண்டிப் பெட்டிக்குள் கத்தரிக்கோல் கிடந்தது. நடுவில் வெட்டினேன். கீழ்ப்பாதியைச் சட்டைக்குள் வைத்தேன். மேல்பாதியோடு முன்னறைக்குப் போனேன்.

"சேர், நீங்கள் எழுதினது உண்மை. எனக்கு வாசிச்சதும் உண்மை. நான் எடுத்தனான்."

கிழவர் மேல்பாதியை வாங்கிப் பார்த்தார். தன் எழுத்தைத் தடவினார்.

"மூண்டு கிழமை," என்றார். "மூண்டு கிழமையா என்ர தலை பிசகிப்போச்செண்டு இருந்தனான்."

"ஓம் சேர்."

"ஏன் எண்டு கேக்கட்டோ?"

"மகள் சொல்லுவா."

முகத்தை யன்னல் பக்கம் திருப்பினார். ஹோர்ன் மறுபடி அடித்தது. "தம்பி நிக்கிறான். போம்," என்றார். நான் கதவில் கை வைத்தபோது, "திங்கள் பிந்தாமல் வாரும்," என்றார். அது மன்னிப்பா, வேலையைப் பற்றிய பேச்சா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு அவர் என்னைப் பொஸ் என்று கூப்பிடவில்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

காரில் தம்பி ஸ்ரியரிங்கில் விரலால் தட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த நரைமயிர் மனிசி ஆர்? யன்னலால என்னைப் பாத்தவ."

"மகள்."

விரல் நின்றது. "என்ன சொன்னவ?"

"மீன் எண்ணுறவவாம்."

"என்ன மீன்?"

"கவண்மேந்தில மீன் எண்ணுற வேலை. தாளை என்னட்டத் தந்திட்டா." சட்டைக்குள் இருந்து எடுத்துக் காட்டினேன்.

அவன் வாங்கி வாசித்தான். அவனுடைய ஆங்கிலம் என்னுடையதைவிட நல்லது. இரண்டு முறை வாசித்தான். "ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கேல்லை எண்டும் எழுதியிருக்கிறார்," என்றான். மடித்து என்னிடம் தந்தான். "அப்ப முடிஞ்சுதோ?"

யூனிவேர்சிட்டியைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அவனுடைய கழுத்தைப் பார்த்தேன். மூன்று கிழமையில் மெலிந்திருந்தான்.

"ஓம்."

"எல்லாம்?"

"எல்லாம் முடிஞ்சுது."

பெரிய மூச்சு ஒன்று விட்டான். றேடியோவைப் போட்டான். பிள்ளைகளுக்கு றோல்ஸ் வாங்கிக்கொண்டு போவோம் என்றான். ஒரு கடைக்கு முன்னால் நிற்பாட்டி, சீட்டி அடித்துக்கொண்டு உள்ளே போனான். நான் காரில் இருந்தேன். எதிரே ஒரு ஆள் காரில் சாய்ந்துகொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து ஒரு தரமும் பார்க்கவில்லை. நான் கதவைப் பூட்டினேன்.